ஸ்கேல் எழுது என்றால் பையன் அடிக்கோலைத் தேடுகிறான்

காவிரிப் பாசனப் பகுதியில் உள்ள ஒரு சிறு நகரத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். கணவர் விதை, உரக்கடை வைத்திருக்கிறார். மகனுக்குப் பத்து வயது. மாநிலப் பாடத்திட்டத்தில் நடக்கும் தனியார் பள்ளியில், ஆங்கில வழியில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். கூட்டல், பெருக்கலில் குறை சொல்ல முடியாது. மாலையில் கடையில் உட்கார்ந்தால் ஐநூறு ரூபாய்த் தாளுக்கு மீதிச் சில்லறை சரியாகக் கொடுப்பான். ஆனால் 'பார் சார்ட்', அதாவது பட்டை வரைபடம், வந்தால் மட்டும் எல்லாம் கவிழ்ந்துவிடுகிறது. போன தேர்வில் அந்தப் பகுதிக்குப் பத்துக்கு இரண்டு. ஆசிரியை வகுப்பில் அவன் தாளைத் தூக்கிக் காட்டி "கணக்கு போடச் சொன்னா கோபுரம் கட்டியிருக்கான்" என்று சொல்ல, பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அந்த நோட்டையே தொட மறுக்கிறான்.

"ஒழுங்கா கோடு போட்டா எல்லாம் சரியாகும்" என்று கணவர் புது அடிக்கோலும் கலர் பென்சிலும் வாங்கித் தந்திருக்கிறார். பலன் இல்லை. ஓவிய வகுப்பில் சேர்க்கலாமா, ஏதோ வீடியோவில் சொன்னது போல இது டிஸ்கால்குலியா என்கிற, எண்களைப் புரிந்துகொள்வதில் வரும் கற்றல் குறைபாடா, எல்லாம் கணினியே வரைந்து தரும் காலத்தில் அதையே கற்றுக்கொடுத்துவிட்டால் என்ன, பள்ளிமீது புகார் கொடுக்கலாமா, அடுத்த ஆண்டும் அதே வகுப்பில் நிறுத்திவைத்துவிடுவார்களா என்று கேட்கிறார். விடைத்தாளின் படங்களையும் அனுப்பியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

விடைத்தாளை அனுப்பியது நல்லதாயிற்று. கடிதத்தை மட்டும் படித்திருந்தால் நானும் "பயிற்சி போதவில்லை" என்று எழுதியிருப்பேன். தாள் வேறு கதை சொல்கிறது.

இரண்டாவது கேள்வியை முதலில் பாருங்கள். அச்சிட்ட பட்டை வரைபடம் ஒன்றைக் கொடுத்து, ஒவ்வொரு வகுப்பிலும் எத்தனை மாணவர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். மூலையில் 'ஒரு கட்டம் = 5 மாணவர்கள்' என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. உங்கள் மகன் 7, 5, 8, 6 என்று எழுதியிருக்கிறான். நான்கும் தவறு என்று சிவப்பு மை சொல்கிறது. நான்கையும் ஐந்தால் பெருக்குங்கள்: 35, 25, 40, 30. நான்கும் சரி. அவன் பட்டையைப் பார்த்தான், கட்டங்களை எண்ணினான், ஒன்றைக்கூடப் பிசகாமல் எண்ணினான். ஒரு கட்டத்துக்கு என்ன மதிப்பு என்ற ஒரே ஒரு படியைத் தாண்டவில்லை, அவ்வளவுதான்.

இப்போது முதல் கேள்வி. ஒரு பழக்கடையில் ஒருநாள் விற்றவை: மாம்பழம் 30, வாழை 45, கொய்யா 20, சப்போட்டா 35. இதை வரையச் சொன்னால், இடப்பக்கக் கோட்டில் கீழிருந்து மேலாக 30, 45, 20, 35 என்று கோட்டுக்கொரு எண்ணாக எழுதி, மாம்பழத்துக்கு ஒரு கட்டம், வாழைக்கு இரண்டு, கொய்யாவுக்கு மூன்று, சப்போட்டாவுக்கு நான்கு என்று ஏற்றியிருக்கிறான். விளைவு, இருபது கொய்யா நாற்பத்தைந்து வாழையைவிட உயரமாக நிற்கிறது. இதைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஆனால் இது சோம்பலில் வரும் தவறு இல்லை. பட்டியலில் எந்த வரிசையில் எண்கள் இருந்தனவோ, அதே வரிசையில் அச்சில் ஏற்றிவிடுவது இந்த வயதில் மிகவும் சாதாரணம். ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் நான் காட்டுவதற்கென்றே இப்படிப்பட்ட தாள்கள் ஒரு கட்டு வைத்திருக்கிறேன்.

அவனுடைய கோடுகளையும் பாருங்கள். நேராக இருக்கின்றன. பட்டைகள் ஒரே அகலம், இடைவெளியும் ஒரே அளவு. ஓவிய வகுப்பு தேவைப்படுகிற கை இது இல்லை. அவனுக்கு வரைய ஆசை இருந்தால் அதற்காகச் சேருங்கள். இதற்கு மருந்தாக வேண்டாம்.

எந்த ஸ்கேல்?

கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது. "மிஸ் 'ஸ்கேல் எங்கே, ஸ்கேல் எழுது' என்று கேட்டதற்கு, 'கையில்தான் இருக்கு மிஸ்' என்று சொன்னானாம்; அதற்கும் திட்டு" என்று எழுதியிருந்தீர்கள். திமிராகப் பேசினான் என்று ஆசிரியை நினைத்திருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் வீடுகளில் ஸ்கேல் என்றால் கோடு போடும் அடிக்கோல். பாடத்தில் ஸ்கேல் என்றால் அளவுத்திட்டம்: ஒரு கட்டம் எத்தனையைக் குறிக்கிறது என்ற ஒப்பந்தம். இரண்டுக்கும் ஒரே சொல். யாரும் அவனிடம் இது வேறு, அது வேறு என்று சொல்லவில்லை. உங்கள் கணவரும் புது அடிக்கோல் வாங்கித் தந்து, தெரியாமலே அந்தக் குழப்பத்தை உறுதிப்படுத்திவிட்டார். பாவம், பையன் என்ன செய்வான்?

வீட்டில் இனி இரண்டு சொல்லாகவே பேசுங்கள். கோடு போடுவது அடிக்கோல், கட்டத்தின் மதிப்பு அளவுத்திட்டம். பிறகு அந்த அடிக்கோலையே பாடமாக்குங்கள். அதில் எண்கள் எங்கே தொடங்குகின்றன? பூஜ்யத்தில். எண் இருப்பது கோட்டுக்கு நேராகவா, இரண்டு கோட்டுக்கு நடுவிலா? கோட்டுக்கு நேராக. 3-க்கு அடுத்து 7 வருமா, அதற்கடுத்து 5 வருமா? வராது என்று அவனே சிரிப்பான். இடப்பக்க அச்சும் நிமிர்த்தி வைத்த அடிக்கோல்தான் என்று அப்போது சொல்லுங்கள். பழக்கடைக் கணக்கில் அவன் செய்த தவறு அந்த நிமிடத்தில் அவனுக்கே தெரியும். நீங்கள் சுட்டிக்காட்டாமல் காத்திருங்கள்.

அப்பாவின் கடை

ஒரு கட்டம் ஐந்தைக் குறிக்கும் என்பது பெரியவர்களுக்கு அற்பம். குழந்தைக்கு அது விசித்திரம்: கண்ணுக்குத் தெரிவது ஒன்று, வாயால் சொல்வது ஐந்து. ஆனால் உங்கள் மகன் இதைத் தினமும் பார்த்து வளர்கிறவன். யூரியா மூட்டை இப்போது 45 கிலோ. டி.ஏ.பி. மூட்டை 50 கிலோ. "நாலு மூட்டை யூரியா" என்று ஒருவர் கேட்டால், கண்ணுக்கு நாலு, எடைக்கு 180. ஒரு மூட்டை 45 கிலோ என்பதுதான் அளவுத்திட்டம்.

இதை உங்கள் கணவர் சொல்லித்தர வேண்டும் என்று விரும்புகிறேன். கோபத்தில் அடிக்கோல் வாங்கிக் கொடுத்தவருக்குப் பாடம் நடத்தும் பொறுப்பைக் கொடுத்தால் வீட்டுக் காற்றும் கொஞ்சம் மாறும். ஞாயிற்றுக்கிழமை கடையில் அட்டியைக் காட்டி, "யூரியா நாலு மூட்டை, டி.ஏ.பி. நாலு மூட்டை. ரெண்டு அட்டியிலும் மூட்டை நாலுதான். எடை ஒண்ணா?" என்று கேட்கட்டும். 180-க்கும் 200-க்கும் உள்ள வித்தியாசத்தை அவன் சொல்லிவிடுவான். அட்டியை மட்டும் பார்த்து எடையை ஒப்பிட வேண்டுமானால் எல்லா மூட்டையும் ஒரே எடையாக இருக்க வேண்டும் என்பதும் தானாக வரும். ஒரே வரைபடத்தில் ஒரு பட்டைக்கு ஒரு கட்டம் ஐந்து, அடுத்த பட்டைக்கு ஒரு கட்டம் பத்து என்று வைக்கக் கூடாது என்ற விதி இதுதான். பாடநூல் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவதற்கு, உங்கள் கடையில் மூட்டை மூட்டையாகச் சான்று இருக்கிறது.

தீப்பெட்டியில் தொடங்கி நோட்டுக்கு

இன்னொரு விஷயம். பள்ளியில் அவனுக்கு எண்கள் தயாராகக் கிடைக்கின்றன. யாரோ விற்ற பழம், யாரோ படிக்கும் வகுப்பு. அவனுக்கு அதில் கேள்வியே இல்லை. கேள்வி இல்லாதவனுக்குப் பட்டை வெறும் கோபுரம்தான். ஆசிரியை கேலியாகச் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. அவன் தெரிந்துகொள்ள விரும்பும் ஏதாவது ஒன்றில் தொடங்குங்கள். தெருவில் யார் வீட்டில் காலையில் என்ன பிடிக்கும் என்பது எப்போதும் வேலை செய்யும்: இட்லி, தோசை, பொங்கல், உப்புமா. பத்துப் பதினைந்து பேரைக் கேட்கட்டும். கேட்கும்போதே நேர்க்கோட்டுக் குறி போடட்டும். நாலு கோடு, ஐந்தாவது குறுக்கே. ஒருவர் "இட்லியும் பிடிக்கும், தோசையும் பிடிக்கும்" என்பார். அவரை எங்கே சேர்ப்பது? அவன் முடிவெடுக்கட்டும். தரவு சேகரிப்பது என்று பெரியவர்கள் சொல்கிறார்களே, அதன் முக்கால்வாசி வேலை இந்த இடத்தில்தான் இருக்கிறது.

பிறகு தரையில் ஒரு நூலை நீட்டி வைத்து, ஒரு ஆளுக்கு ஒரு தீப்பெட்டி என்று நூலிலிருந்து அடுக்கச் சொல்லுங்கள். எல்லா அடுக்கும் அந்த நூலில்தான் தொடங்க வேண்டும். உப்புமாவை யாரும் சொல்லவில்லை என்றால் (பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள்) உப்புமாவின் பெயர் இருக்கும், பெட்டி இருக்காது. பூஜ்யமும் ஒரு தகவல் என்று அங்கே புரியும். பல பிள்ளைகள் நோட்டில் பூஜ்யம் வந்தால் அந்தப் பெயரையே விட்டுவிடுவார்கள்.

மூன்றாம் நாள் வகுப்பு முழுவதும் கேட்டு வரச் சொல்லுங்கள். நாற்பது பேருக்குத் தீப்பெட்டி போதாது. "பத்துப் பெட்டிதான் இருக்கு, என்ன செய்யலாம்?" என்று கேட்டுவிட்டு நீங்கள் சமையலறைக்குப் போய்விடுங்கள். ஒரு பெட்டிக்கு ஐந்து பேர் என்று அவனாகச் சொன்னால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. தோசைக்கு 13 பேர் என்று வந்தால் இரண்டு பெட்டி வைத்துவிட்டு மீதி மூன்றை என்ன செய்வது என்று திகைப்பான். தீப்பெட்டியை வெட்ட முடியாது. கட்டத்தில் பாதிக்கும் கொஞ்சம் மேலே கோடு போடலாம். தீப்பெட்டியை விட்டுக் கட்டம் போட்ட நோட்டுக்கு மாற அதுவே சரியான நேரம். முதல் நாளே நோட்டைத் திறக்காதீர்கள்.

கணினி பற்றிக் கேட்டிருந்தீர்கள். எண்களைக் கொடுத்தால் அது ஒரு நொடியில் வரைந்துவிடும், உண்மைதான். ஆனால் அளவுத்திட்டம் எவ்வளவு, அச்சு எங்கே தொடங்குவது என்பதையும் அதுவே முடிவு செய்துவிடும். உங்கள் மகனுக்கு வராத ஒரே பகுதியை அது அவன் கண்ணிலிருந்தே மறைத்துவிடும். ஏழாம், எட்டாம் வகுப்பில் தாராளமாகக் கற்றுக்கொடுங்கள். இப்போது தந்தால் தாள் அழகாக இருக்கும், 35-ஐ 7 என்று படிப்பது அப்படியே இருக்கும்.

வரைவதைவிடப் படிப்பது

பெற்றோர் பலரும் வரைவதற்கே நேரம் செலவழிக்கிறார்கள். வாழ்க்கையில் நாம் வரைபடம் வரைவது அரிது, படிப்பதுதான் அன்றாடம். ஃபிரான்சிஸ் கர்சியோ என்ற கணிதக் கல்வியாளர் 1987-இல் வரைபடம் படிப்பதை மூன்று நிலையாகப் பிரித்தார்: உள்ளதை அப்படியே படிப்பது, இரண்டு தகவல்களுக்கு இடையில் படிப்பது, அதற்கும் அப்பால் படிப்பது. பள்ளித் தேர்வுகள் பெரும்பாலும் முதல் நிலையோடு நின்றுவிடுகின்றன.

உங்கள் ஊரில் இதற்கு மேட்டூரைவிடப் பொருத்தமான பாடம் கிடைக்காது. அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. கட்டத்துக்குப் பத்து அடி வைத்தால் பன்னிரண்டு கட்டம். நோட்டுப் பக்கத்தில் அழகாக அடங்கும். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி செய்தித்தாளில் வரும் நீர்மட்டத்தை அவன் குறித்துக்கொள்ளட்டும். ஆறு மாதம் சேர்ந்ததும் கேளுங்கள். இந்த மாதம் எத்தனை அடி? இது முதல் நிலை. எந்த மாதத்துக்கும் எந்த மாதத்துக்கும் நடுவில் அதிகம் ஏறியது? இது இரண்டாவது. இப்படியே போனால் வழக்கம்போல ஜூன் 12-இல் பாசனத்துக்குத் தண்ணீர் திறக்க முடியுமா? இது மூன்றாவது. கடைசிக் கேள்விக்கு உங்கள் கணவரும் பதில் தேடுவார். அவருடைய குறுவை விதை வியாபாரமே அதில் இருக்கிறது.

ஒரு பொறியும் உண்டு, பையன் கொஞ்சம் தேறிய பிறகு வையுங்கள். 60 அடி என்றால் அணையில் பாதித் தண்ணீர் இருக்கிறதா? பட்டை பாதி உயரம் இருப்பதால் "ஆமாம்" என்பான். நீர்த்தேக்கம் அடியில் குறுகி, மேலே போகப்போக விரிகிறது. அதனால் பாதி உயரத்தில் இருக்கும் தண்ணீர் முழுக் கொள்ளளவான 93.47 டி.எம்.சி.யில் பாதிக்கும் மிகக் குறைவு. பட்டை அடியைத்தான் சொல்கிறது, தண்ணீரின் அளவை இல்லை.

மாதா மாதம் மாறுவதைக் காட்டப் பட்டையைவிடக் கோட்டு வரைபடமே பொருத்தம் என்று கணித ஆசிரியர் யாராவது சொன்னால், அவர் சொல்வது நியாயம்தான். ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் பிளேஃபேர் 1786-இல் வெளியிட்ட நூலில் காலப்போக்கைக் காட்டக் கோடுகளைத்தான் பயன்படுத்தினார். ஸ்காட்லாந்தின் வணிகத்துக்கு மட்டும் ஓராண்டுக் கணக்குதான் கையில் இருந்தது. கோடு இழுக்க வழியில்லை. அதனால் பதினேழு நாடுகளுக்குப் பட்டைகள் போட்டார். இன்று பள்ளிப் பிள்ளைகளைப் படுத்தும் பட்டை வரைபடம் அப்படித்தான் அச்சேறியது. ஐந்தாம் வகுப்புக்கு மேட்டூரையும் பட்டையாகவே போடலாம், தவறில்லை.

தேர்தல் நேரத்தில் தொலைக்காட்சியில் வரும் பட்டைகளையும் காட்டுங்கள். ஒரு கட்சிக்கு 41 சதவீதம், இன்னொன்றுக்கு 38 என்று வைத்துக்கொள்வோம். அச்சைப் பூஜ்யத்தில் தொடங்காமல் 35-இல் தொடங்கினால் ஒரு பட்டை ஆறு பங்கு, மற்றது மூன்று பங்கு. மூன்று சதவீத வித்தியாசம் இரண்டு மடங்கு போலத் தெரியும். 'நூலிலிருந்து அடுக்கணும்' என்று தீப்பெட்டியில் கற்றவன் இதைக் கண்டுபிடித்துவிடுவான்.

டிஸ்கால்குலியாவா?

கடிதத்தில் உள்ளதை வைத்துப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. எண்களில் எது பெரியது என்பதிலேயே தடுமாறுவது, சிறு கூட்டலுக்கும் நெடுநாள் விரலை நம்புவது, காசு, கடிகாரம் இரண்டும் பிடிபடாமல் இருப்பது ஆகியவைதான் அதில் அடிக்கடி காணப்படுபவை. ஐநூறுக்குச் சில்லறை கொடுக்கும் பையனிடம் இவை இல்லை. ஒரு பாடத்தில் இரண்டு மதிப்பெண் வாங்கியதை வைத்து முடிவு கட்ட முடியாது. வீடியோ பார்த்தும் முடிவு கட்டக் கூடாது. இரண்டு, மூன்று மாதம் இப்படிச் சொல்லிக்கொடுத்தும் மற்ற கணக்குகளிலும் சரிவு தெரிந்தால், குழந்தைகளுக்கான உளவியல் நிபுணரிடம் முறையான மதிப்பீடு செய்யுங்கள். அப்படியே இருந்தாலும் பயப்பட ஒன்றுமில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளில் டிஸ்கால்குலியாவையும் சேர்த்திருக்கிறது.

அதற்கு முன்னால் கண் பரிசோதனை செய்யுங்கள். மூலையில் இருந்த சின்ன எழுத்து அவனுக்குத் தெரிந்ததா என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது. சிவப்பு, பச்சை வேறுபாட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த நிறக்குறை ஆண் பிள்ளைகளிடம்தான் அதிகம். ஆறாம் வகுப்புக்கு மேல் இரட்டைப் பட்டைகள் வரும்போது அது தொல்லை தரும்.

பள்ளியில் எப்படிப் பேசுவது

இரண்டு விஷயத்தைக் கலக்காதீர்கள். மதிப்பெண் ஒன்று, சிரிக்கவைத்தது வேறொன்று.

மதிப்பெண்ணுக்குப் புகார் வேண்டாம். விடைத்தாளோடு ஆசிரியையை மட்டும் தனியாகப் பாருங்கள். நான் மேலே சொன்ன ஐந்தால் பெருக்கும் கணக்கைக் காட்டி, "மிஸ், கட்டம் சரியா எண்ணியிருக்கான், அளவுத்திட்டம்தான் புரியலை. ஸ்கேல்னா அடிக்கோல்னு நினைச்சிருக்கான்" என்று சொல்லுங்கள். பெரும்பாலான ஆசிரியர்களுக்கு இது ஒரு திறப்பாக இருக்கும். நானே தொடக்க காலத்தில், பட்டைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்பதற்காக எண்கள் அத்தனையும் சரியாக இருந்த ஒரு சிறுமிக்குப் பூஜ்யம் போட்டவன். நாற்பது தாளை ஒரே இரவில் திருத்தும்போது தவறுக்குள் இருக்கும் சரியைப் பார்க்க நேரம் இருப்பதில்லை.

சிரிக்கவைத்ததைப் பற்றியும் அன்றே, அமைதியாகச் சொல்லுங்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு குழந்தையை உடலால் தண்டிப்பதை மட்டுமல்ல, மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. இதைத் தெரிந்து வைத்திருங்கள். முதல் சந்திப்பிலேயே மேசைமேல் வைக்காதீர்கள். ஒருமுறை நடந்த கேலிக்குச் சட்டத்தை எடுத்தால், மீதி ஆண்டு முழுவதும் அந்த வகுப்பில் உட்காரப்போவது உங்கள் மகன்தான். மீண்டும் நடந்தால் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்து, நகல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் கல்வித் துறை அலுவலரிடம் போகலாம். பள்ளி மாற்றுவது கடைசி.

நிறுத்திவைப்பார்களோ என்ற கவலையை விடுங்கள். தமிழ்நாட்டில் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை அந்த நடைமுறை இல்லை.

கடைசியாக நோட்டு பற்றிக் கேட்டிருந்தீர்கள். மில்லிமீட்டர் கோடு போட்ட கிராஃப் நோட்டு இப்போது வேண்டாம். அந்தப் பொடிக் கோடுகளில் எது கட்டம் என்றே தெரியாமல் போகும். சின்னப் பிள்ளைகள் கணக்கு எழுதும் பெரிய கட்ட நோட்டு போதும். ஒவ்வொரு பக்கத்திலும் முதல் வேலையாக, பட்டைக்குக் கை வைக்கும் முன்பே, 'ஒரு கட்டம் =' என்று பெரிதாக எழுதிவிட்டு, அதற்குப் பக்கத்தில் அவனையே எண்ணை நிரப்பச் சொல்லுங்கள்.